சேனை வைத்த விரல்

அன்புள்ள தாயிக்கு,

இங்கே என் இடது காலைத் தவிர எல்லாரும் சௌக்கியம். இத்தனை வருஷம் புதுக்கோட்டைக்கும் திருச்சிக்குமாக பஸ் ஓட்டி, ரோட்டில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடிக்காதவன், ஷெட்டில் சும்மா நின்றுகொண்டிருந்த பஸ்ஸின் படியில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டேன். பார்க்க வருகிறவர்கள் முதலில் மாவுக்கட்டைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறார்கள், பிறகு கதையைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், மாப்பிள்ளையின் கடிதம் வருகிற வரைக்கும்.

மாப்பிள்ளை நல்ல மனுஷர். சுற்றி வளைக்காமல் எழுதியிருந்தார். மாதம் நிறையாமல் பிறந்த பாப்பா கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள், கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி வருகிறாள். ஆனால் போன வாரம் கண் டாக்டர் வந்து விளக்கை அடித்துப் பார்த்தபோது பிள்ளை வீறிட்டு அழுது, மூச்சை அடக்கி, நீலம் பாரித்துவிட்டது. பாதியில் நிறுத்திவிட்டார்கள். வருகிற வாரம் மறுபடியும் பார்த்தே ஆகவேண்டும் என்கிறார்கள். நீ பெட்டிக்கு முன்னால் மறித்து நின்றுகொண்டு, இனிமேல் என் பிள்ளையின் கண்ணில் எவரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாயாம். துணைக்கு வந்த உன் ஆத்தாவும் உன் கட்சியாம். ‘மாமா, நீங்க சொன்னா கேப்பா’ என்று முடித்திருந்தார். நான் சொல்லி நீ எதைக் கேட்டிருக்கிறாய் என்பதைக் கல்யாணத்துக்கு முன்பே அவர் காதில் போட்டு வைத்திருக்க வேண்டும். போகட்டும். கேட்பதும் கேட்காததும் உன் இஷ்டம். ஆனால் உனக்கு நடந்த ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு அப்புறம் மறித்து நில்.

அதற்கு முன்னால் என் ஏக்கத்தைக் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எழுத வராது. தலைப்பிரசவத்துக்கு உன்னை அழைத்துவர நாங்கள் நாள் பார்த்து வைத்திருந்தோம். என் பழைய வேட்டிகளை உன் ஆத்தா வெந்நீரில் அலசி, கிழித்து, மடித்து அடுக்கினாள். புதுத்துணி பிள்ளையின் தோலுக்கு ஆகாது, பத்து வருஷம் உழைத்த வேட்டிதான் மெத்தென்று இருக்கும் என்று என் வேட்டிக்கு முதல்முறையாக ஒரு மரியாதை கிடைத்தது. தொட்டில் கட்டுவதற்கு உத்தரத்தில் கொக்கி அடித்தேன். ஆடிப் பார்த்து, தொங்கிப் பார்த்து, என் கனத்தையே தாங்குகிறது என்று உறுதி செய்துகொண்டேன். இப்போது அந்தக் கொக்கிக்கு நேர் கீழேதான் என் கட்டில். கால் ஒடிந்தவன் மல்லாந்துதான் படுக்க வேண்டும் என்பதால் கண்ணைத் திறந்தால் கொக்கி. பாப்பாவின் முகம் எனக்குத் தெரியாது. உன் மூக்கா, மாப்பிள்ளையின் நெற்றியா, ஒன்றும் தெரியாது. அவள் இருக்கிற ஊருக்கு ராத்திரி ரயில் ஏறினால் காலையில் போய்விடலாம். ஆனால் கட்டிலிலிருந்து கொல்லைப்புறம் போகவே எனக்கு இரண்டு ஆள் வேண்டியிருக்கிறது. இவ்வளவு ஏக்கம் ஒரு மனுஷனுக்கு வரும் என்று இதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால், வேலை வெட்டி இல்லாதவன் பேச்சு என்று சிரித்திருப்பேன். இப்போது எனக்கும் வேலை வெட்டி இல்லை.

சரி, உன் கதைக்கு வருகிறேன். நீ பிறந்தது நம் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்ததற்கு அடுத்த வருஷம். மழை பெய்யாவிட்டாலும், அரிசி கிடைக்காவிட்டாலும், ராஜா இருந்தால் இப்படி நடக்குமா என்று ஊரில் பேசிக்கொண்டிருந்த காலம். உன் ஆத்தா ஏழாம் மாதத்தில் திருவரங்குளத்தில் அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். அவளுக்கு நாளுக்கு முந்தியே வலி கண்டுவிட்டது. உன் மாமன் அவளை மாட்டுவண்டியில் போட்டுப் புதுக்கோட்டைக்குக் கொண்டுவந்தார். இங்கே பார்த்த டாக்டரம்மா, பிள்ளை ரொம்பச் சின்னதாக இருக்கும், கண்ணாடிப் பெட்டி இருக்கிற ஆஸ்பத்திரிக்குத் திருச்சிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். கார் பிடிக்க எங்கே போவது? ஸ்டாண்டில் என் பஸ் ஆள் ஏற்றிக்கொண்டு நின்றது. பின்னால் இருந்த நீள சீட்டில் உன் ஆத்தாவைப் படுக்க வைத்து, சுற்றிலும் சேலையைத் திரையாகப் பிடித்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்தார்கள். நான் ஓட்டினேன். மெதுவாகப் போனால் அவள் தாங்கமாட்டாள், வேகமாகப் போனால் ரோடு தாங்காது. கீரனூரில் இறங்க வேண்டிய ஒருவர், ‘நிறுத்தாதீங்க டிரைவர், நான் திருச்சி பாத்துட்டுத் திரும்பி வந்துக்கிறேன்’ என்றார். அவர் அன்றைக்கு மகளுக்குச் சம்பந்தம் பேசப் போய்க்கொண்டிருந்தவர் என்று கண்டக்டர் பிறகு சொன்னார். அந்தச் சம்பந்தம் என்ன ஆயிற்றோ தெரியாது. அந்த வீட்டுப் பெண் எங்கே வாழ்க்கைப்பட்டாலும் நன்றாக இருக்கட்டும் என்று கீரனூரைத் தாண்டும்போதெல்லாம் இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் நீ பிறந்தாய். என் உள்ளங்கையில் படுக்க வைத்தால் கால் மணிக்கட்டைத் தாண்டாது. அழுகிற சத்தம்கூட வரவில்லை, வாய் மட்டும் திறந்து மூடியது. உடனே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் குழாய் வழியாகக் காற்று விட்டார்கள். எங்கள் எல்லாருக்கும் வெளியே இடம். ஏழில் பிறந்தது தங்கும், எட்டில் பிறந்தால்தான் பயம் என்று ஊர்ப்பேச்சு ஒன்று உண்டே, அதைப் பிடித்துக்கொண்டு நாட்களை ஓட்டினோம். உன் மாமனுக்கு மட்டும் வேறு ஒரு கவலை. உனக்குச் சேனை வைக்கவில்லை. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பதை நம் வீடுகளில் சாமி காரியம் மாதிரி பார்ப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். யார் சேனை வைக்கிறாரோ அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பதும் தெரியும். உன் மாமன் தாய்மாமன் என்ற முறையிலும், திருவரங்குளத்திலேயே பொறுமைசாலி என்ற முறையிலும் (இரண்டாவதை அவரேதான் சொல்லிக்கொள்வார்) அந்த உரிமை தனக்கே என்று இருந்தார். தினமும் கல்கண்டுப் பொட்டலத்தை மடியில் முடிந்துகொண்டு வந்து, வார்டு வாசலில் நின்று, திருப்பி முடிந்துகொண்டு போவார்.

அப்படி இருக்கையில்தான் ஒருநாள் கண் டாக்டர் வந்தார். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், நல்ல உயரம், அதிகம் பேசமாட்டார். மாதம் நிறையாமல் பிறந்து பெட்டிக்குள் வளர்கிற பிள்ளைகளுக்குக் கண்ணுக்குப் பின்னால் திரை மாதிரி ஏதோ படர்ந்து பார்வை போய்விடுகிறதாம், வெளிநாடுகளில் நிறையப் பிள்ளைகளுக்கு அப்படி ஆகிறதாம், அதனால் பார்க்க வேண்டும் என்றார். ஏன் அப்படி ஆகிறது என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். சன்னலுக்குத் திரையை இழுத்து விட்டார்கள். உன் கண்ணில் மருந்து விட்டார்கள். கொஞ்சம் கழித்து ஒரு நர்ஸம்மா தலையைப் பிடித்துக்கொள்ள, சின்னக் கம்பி ஒன்றை வைத்து இமையை விரித்து, டாக்டர் விளக்கைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். நான் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே வருகிற லாரிக்காரன் டிம் அடிக்காமல் முழு வெளிச்சத்தோடு வந்தால் எனக்கே கண்ணுக்குள் ஊசி இறங்கும். உனக்கு அதுவரைக்கும் பகல் வெளிச்சமே சரியாகத் தெரியாது. நீ உடம்பெல்லாம் விறைத்துக் கையை விரித்தாய். அதுவரை வராத சத்தம் அப்போது வந்தது. பிறகு அந்தச் சத்தமும் நின்று, உதடு கறுத்து, முகம் நீலமாயிற்று. டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். நர்ஸம்மா முதுகைத் தடவித் தடவி உன்னை மறுபடியும் மூச்சு விட வைத்தார்கள். அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. நான் அன்று வயசானவன் ஆனேன் என்று மட்டும் தெரியும்.

ஆகவே உனக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்துவிட்டுப் போன வலி இது.

டாக்டர் வெளியே வந்து, ஒன்றும் சரியாகப் பார்க்க முடியவில்லை, அடுத்த வாரம் வருகிறேன் என்றார். உன் ஆத்தா காய்ச்சலோடு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அவள் ஊமைக்கோட்டான் மாதிரி இருப்பவள், பெரிய மனுஷர்கள் முன்னால் தலை நிமிரமாட்டாள். அன்று நிமிர்ந்தாள். ‘பாத்து, சீக்கு இருக்குன்னு தெரிஞ்சா மருந்து இருக்குங்களா?’ என்றாள். இல்லை என்றார் டாக்டர். ‘மருந்து இல்லைன்னா அப்பறம் எதுக்குங்க பாக்குறீங்க? எம்புள்ளைக்குக் கண்ணு தெரியாட்டிப் போகுது, உசுரு இருந்தாப் போதும். இனிமே யாரும் தொட வேணாம்.’ இந்த வார்த்தை உனக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நீ போன வாரம் பெட்டிக்கு முன்னால் நின்று சொன்னதை உன் ஆத்தா அன்றே சொல்லிவிட்டாள். நீ என்னைக் கொண்டு பிறந்தவள் என்று ஊரே சொன்னாலும், அந்த இடத்தில் நீ அவளைக் கொண்டிருக்கிறாய்.

டாக்டர் கோபப்படவில்லை. ‘பார்வை இல்லைன்னு இப்பவே தெரிஞ்சா, அந்தப் பிள்ளையை நீங்க வளர்க்கிற விதம் வேற. தெரியாம வளர்த்தா, தடுக்கி விழும்போதெல்லாம் அடிப்பீங்க’ என்றார். உன் ஆத்தா சம்மதிக்கவில்லை. எனக்கோ இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே பட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்தவனுக்கு இரண்டு பக்கமும் ரோடு போனால் எப்படி இருக்கும், அப்படி நின்றேன். அந்த வாரம் முழுக்க பஸ் ஓட்டிக்கொண்டே அதை நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அவர் பார்க்காமலே போய்விட்டால் தேவலை என்றுதான் உள்ளுக்குள் இருந்தது. தெரியாதவரைக்கும் உன் கண் நல்ல கண்தானே.

அடுத்த வாரம் டாக்டர் வந்த நேரம் பார்த்து உன் மாமனும் வந்து சேர்ந்தார், மடியில் கல்கண்டோடு. வார்டுக்குள் போகிற டாக்டரை வழிமறித்துக்கொண்டார். நாங்கள் எல்லாரும் திகைத்துவிட்டோம். அவர் கத்தவில்லை. கும்பிட்டுக்கொண்டேதான் கேட்டார். ‘ஐயா, இது சேனை வைக்காத புள்ளைங்க. இந்த ஒலகத்துல இனிப்புன்னு ஒண்ணு இருக்குன்னே அதுக்கு இன்னும் தெரியாது. மொதமொதல்ல வெளக்கையும் கம்பியையும் காட்டுனா அது என்னங்க பண்ணும்? இங்கிட்டு நமக்கு எடமில்லைன்னுதானே நினைக்கும்?’

அந்தக் கேள்வியை நான் இன்றுவரை மறக்கவில்லை. டாக்டரும் நின்றுவிட்டார். சேனை என்றால் என்ன என்று கேட்டார். உன் மாமன் குணம் வருகிற விஷயம் உள்பட எல்லாவற்றையும் விளக்கினார். டாக்டருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். ‘சர்க்கரைத் தண்ணிதானே? காய்ச்சி ஆறவெச்சுக் கொண்டாங்க. ஒரு சொட்டு, அதுக்கு மேல கூடாது, புரை ஏறிடும். நீங்க சேனை வையுங்க, நான் கண்ணைப் பாக்கறேன், சரிதானே?’ என்று கேட்டது உன் மாமனிடம் இல்லை, சுவரோரம் நின்ற உன் ஆத்தாவிடம். அவள் உன் பெட்டி இருக்கிற பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு, ‘வச்சிட்டுப் பாக்கட்டும்’ என்றாள்.

இப்போதுதான் வேடிக்கை. உன் மாமன் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தவர், வாசலிலேயே ஒரு இருமு இருமினார். நர்ஸம்மா கையைக் குறுக்கே நீட்டிவிட்டார்கள். இருமல்காரர் பெட்டிப் பக்கம் வரவே கூடாதாம். உன் ஆத்தாவுக்குக் காய்ச்சல், அவளும் கூடாது. ‘அப்பா யாரு? அவர் வரட்டும்’ என்றார் டாக்டர். உன் மாமன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ‘மச்சானா? வேணாங்க. இவரு வச்சா புள்ளைக்கு டிரைவர் குணம்ல வந்துரும். தொட்டதுக்கெல்லாம் ஹாரன் அடிக்கும்’ என்றார். பொறுமைசாலி வீட்டுச் சேனை கடைசியில் முன்கோபக்காரன் கைக்கு வந்தது இப்படித்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

சோப்புப் போட்டுக் கையைக் கழுவச் சொன்னார்கள். நகக்கண்ணில் இருந்த டீசல் கறுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் கழுவச் சொன்னார்கள். தோல் உரிகிற மாதிரி தேய்த்துக்கொண்டு உள்ளே போனேன். நீ பிறந்தபிறகு உன் பக்கத்தில் கண்ணாடி இல்லாமல் நின்றது அன்றுதான். இந்தத் தடவை நர்ஸம்மா உன் கைகால்களை ஒடுக்கித் துணியில் இறுக்கமாகச் சுற்றி வைத்திருந்தார்கள். வாசலில் இருந்து உன் மாமன், ‘ஆடிக் கறக்குற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்குற மாட்டைப் பாடிக் கறக்கணும், பாத்துங்க’ என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். காய்ச்சி ஆறவைத்த கல்கண்டுத் தண்ணீரில் பஞ்சை முக்கி உன் நாக்கில் தொட்டேன். உன் முகம் முதலில் சுருங்கியது. பிறகு ஏதோ யோசிக்கிறவள் போல அசையாமல் இருந்தாய். அப்புறம் நாக்கை நீட்டி மறுபடியும் தேடினாய். தாயி, நான் எத்தனையோ பேரை எங்கெங்கோ கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். ஒருவரை இந்த உலகத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தது அந்த ஒரு சொட்டில்தான். பஞ்சை எடுத்ததும் நீ அழத் தொடங்க, என் சுண்டுவிரலை வாயில் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். பிடித்துக்கொண்டு சப்பினாய்.

டாக்டர் கம்பியை வைத்தார், விளக்கைப் பிடித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. ‘சார், கொஞ்சம் டிம் பண்ணுங்க’ என்று வாய் தவறி வந்துவிட்டது. அவர் சிரித்துவிட்டு, ‘பிரைட்டுல பார்த்தாத்தான் தெரியும் டிரைவர். ஆனா நிறுத்தி நிறுத்திப் பாக்கறேன்’ என்றார். சொன்னபடியே செய்தார். ஒரு கண்ணைப் பார்த்துவிட்டு விளக்கை எடுத்துக்கொண்டு, உன் மூச்சு சீராகும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு அடுத்த கண். நீ அழவில்லை என்று சொன்னால் அது பொய். அழுதாய். விரலைக் கடித்தாய், பல்லில்லாத வாய்க்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. ஆனால் நீலம் பாரிக்கவில்லை. அழுகைக்கு நடுவே அவ்வப்போது விரலைச் சப்பவும் மறக்கவில்லை. கடைசியில் டாக்டர் நிமிர்ந்து, ‘ரெண்டும் சுத்தமா இருக்கு’ என்றார். உன் ஆத்தா வெளியே உட்கார்ந்த இடத்தில் அப்படியே சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுதாள். உன் மாமன், எல்லாம் சேனை செய்த வேலை என்றார். நான் டாக்டரிடம் கேட்டேன். அவர், ‘சர்க்கரையோ, உங்க விரலோ, துணி சுத்துனதோ, ஒரு வாரம் வளர்ந்ததோ, எனக்குத் தெரியாது. ஆனா அடுத்த தடவையும் நீங்களே வாங்க’ என்றார். போனேன். அவர் போதும் என்று சொல்கிறவரைக்கும் ஒவ்வொரு தடவையும் போனேன்.

உன் பக்கத்துப் பெட்டியில் இலுப்பூர்ப் பக்கத்துத் தானிய வியாபாரி ஒருவரின் பையன் இருந்தான். உனக்கு ஒருநாள் மூத்தவன். அவன் கண்ணைப் பார்த்துவிட்டு டாக்டர் வெகுநேரம் தலை நிமிரவில்லை. திரை விழுந்திருந்தது. அன்று அந்த மனுஷர் வராந்தாவில் உட்கார்ந்திருந்த கோலத்தை நான் எழுதப்போவதில்லை. ஆனால் பின்னால் நான் இலுப்பூர் வண்டியில் ஓடிய காலத்தில் அவரைப் பார்ப்பேன். பையனைக் கையைப் பிடித்துக் கடைவீதி முழுக்க நடத்திக்கொண்டு போவார், இது உப்புக் கடை, இது வாசல்படி, இங்கே ஓடை என்று சொல்லிக்கொண்டே. பார்வையில்லாத பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தை விசாரித்து நேரத்தோடு சேர்த்தார். ஒருநாளும் அவனை அடித்ததில்லை என்று என்னிடம் சொன்னார். ‘தெரிஞ்சிருந்துச்சுங்க, அதனால அடிக்கல’ என்றார். அந்தப் பையன் இப்போது அப்பாவோடு மண்டியில் இருக்கிறான். என் குரலைக் கேட்டால், ‘மாமா, எங்கூடப் பொறந்த பாப்பா எப்படி இருக்கு?’ என்று கேட்பான். உன் கல்யாணத்துக்கு வந்து, உன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனான், நினைவிருக்கிறதா? நீ ஏன் அப்படி அழுதாய் என்று உன் மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். தூசி விழுந்துவிட்டது என்று சொன்னோம்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், அன்றைக்கு உன் ஆத்தா கேட்ட கேள்விக்கு இன்று வேறு பதில் இருக்கிறது. பெட்டிக்குள் விடுகிற காற்று அளவுக்கு மிஞ்சினால்தான் கண் கெடுகிறது என்று இப்போது கண்டுபிடித்துவிட்டார்களாம். குறைத்தால் மூச்சுக்கு ஆபத்து, கூடினால் கண்ணுக்கு ஆபத்து, கண்ணைப் பார்த்துப் பார்த்துத்தான் அளவு வைக்கிறோம் என்று உங்கள் டாக்டர் சொன்னதாக மாப்பிள்ளை எழுதியிருக்கிறார். அவர்கள் வேடிக்கை பார்க்க விளக்கு அடிக்கவில்லை, தாயி. ரோடு தெரியாமல் வண்டி ஓட்டச் சொல்கிறாய் நீ. நாள் கடத்திவிட்டு அப்புறம் சம்மதித்தால் அது கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம். உன் கோபம் நியாயம். ஆனால் கோபத்தைப் பார்க்க வேண்டாம் என்பதில் காட்டாதே, எப்படிப் பார்க்கிறார்கள் என்பதில் காட்டு. மறித்து நிற்பதற்குப் பதில் பக்கத்தில் நில். துணியில் சுற்றி வையுங்கள் என்று சொல். ஒரு கண்ணுக்கும் அடுத்த கண்ணுக்கும் நடுவே மூச்சு வாங்க விடுங்கள் என்று கேள். சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அவர் சரி என்றால் மட்டும், அவர் சொல்கிற அளவு மட்டும் வை. கேட்காமல் ஒன்றும் கொடுத்துவிடாதே. உன் ஆத்தாவிடமும் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. ‘வச்சிட்டுப் பாக்கட்டும்’ என்று அன்று சொன்னது அவள்தான், மறந்துவிட்டாள் போலிருக்கிறது.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. பாப்பாவுக்கு யார் சேனை வைப்பது என்று இங்கே பஞ்சாயத்தே நடக்கிறது. உன் மாமன் இப்போது இருமல் இல்லை என்று என் முன்னால் மூச்சை இழுத்துக் காட்டிவிட்டுப் போனார். எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். இந்தப் பேத்திக்கு நான்தான் வைக்க வேண்டும் என்று, நீ முழுகாமல் இருக்கிறாய் என்று தெரிந்த நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போதும் மல்லாந்து படுத்து, கொக்கியைப் பார்த்துக்கொண்டு, அந்தச் சுண்டுவிரலைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் என் கால் கூடுகிறவரைக்கும் பாப்பாவின் கண் காத்திருக்காது. நீயே வை. ஹாரன் அடிக்கிற குணம் வந்துவிடுமே என்று யாராவது சொன்னால், வரட்டும் என்று சொல். பெட்டிக்கு முன்னால் மறித்து நின்றாயே, அந்தக் குணமும் அதே ஒரு சொட்டில் வந்ததுதான். நீ வைக்கிற சேனையில் நான் வைத்ததும் சேர்ந்தே போகும். அது எனக்குப் போதும் என்று எழுத நினைத்தேன். போதாது, ஆனாலும் அதை வைத்து இந்தக் கால் கூடும்வரை காலம் தள்ளிவிடுவேன்.

கண் பார்த்ததும் தந்தி அடித்துவிடாதே. தந்திச் சேவகர் தெருவில் வந்தாலே இங்கே பாதிப் பேர் அழ ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு கார்டு போடு. டாக்டர் பாப்பாவைப் பார்த்துவிட்டார் என்று மட்டும் எழுது. பாப்பா என்னைப் பார்க்கிறாளா என்பதைக் கட்டுப் பிரித்ததும் நான் நேரில் வந்து தெரிந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
உனக்குச் சேனை வைத்த அப்பா